நாயைப் பழக்க யாரிடம் விடுவது?

நாய்க்குட்டி வீட்டுக்கு வந்து மூன்றாவது வாரம். ஒரு செருப்பைக் காணோம், இன்னொன்று பாதிதான் மிச்சம். காலிங் பெல் அடித்தால் வீடே அதிர்கிறது. வருகிறவர்களின் முழங்காலைக் கட்டிப்பிடித்து வரவேற்பு நடக்கிறது. துவைத்து விரித்த மிதியடியில் அரை மணி நேரத்துக்குள் மறுபடி ஈரம். இந்தக் கட்டத்தில்தான் யாராவது வாயைத் திறப்பார்கள்: "பேசாமல் ஒரு ட்ரெய்னரிடம் விட்டுவிடலாமே?"

விடலாம்தான். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் பல ஏற்பாடுகள் இருக்கின்றன. நாயைச் சில வாரங்கள் பயிற்சி விடுதியில் தங்கவைத்து அழைத்துவரலாம். ட்ரெய்னரை வீட்டுக்கு வரச் சொல்லலாம். வாரம் ஒருமுறை நாமும் நாயுமாகக் குழு வகுப்புக்குப் போகலாம். யாரிடமும் விடாமல் நாமே பழக்கவும் செய்யலாம். எங்கள் வீட்டில் வளர்ந்த இரண்டு நாய்களுக்காக இவற்றில் மூன்றை முயன்றுபார்த்தேன். விடுதியை மட்டும் ஒரு சொந்தக்காரர் வீட்டு நாயை வைத்துத் தெரிந்துகொண்டேன்.

ஒப்பிடுவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பயிற்சி என்ற பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் கட்டளைகள்: உட்கார், படு, நில், வா. நமக்கு வேண்டியதோ வேறு. கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கக் கூடாது, கையைக் கடிக்கக் கூடாது, ஆள் மேல் தாவக் கூடாது, சாப்பிடும்போது பக்கத்தில் நின்று நச்சரிக்கக் கூடாது, தனியாக விட்டால் அலறக் கூடாது. இதில் ஒன்றுகூடக் கட்டளை இல்லை. எல்லாமே பழக்கங்கள். பத்துக் கட்டளைக்குக் கச்சிதமாக அடங்குகிற நாய் சோபாவைக் கிழிக்கலாம். ஒன்றுமே தெரியாத நாய் வீட்டில் தங்கமாக இருக்கலாம். எந்த வழியானாலும் அதை இந்தப் பட்டியலை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

விடுதியில் விடுவது

நான்கில் செலவு அதிகம் பிடிப்பது இது. ஆசை காட்டுவதும் இதுதான். நாய் போகும், நாம் நிம்மதியாகத் தூங்குவோம், அது திருந்தித் திரும்பி வரும்.

சிக்கல் நாய் கற்கும் விதத்தில் இருக்கிறது. "உட்கார்" என்பதை நாய் ஒரு பொது விதியாகக் கற்பதில்லை. இந்த இடத்தில், இந்த ஆள், இப்படி நின்று, இந்தக் குரலில் சொன்னால் உட்கார வேண்டும் என்று சுற்றுப்புறத்தோடு சேர்த்தே கற்கிறது. இடம் மாறினால் பாதி போய்விடும், ஆள் மாறினால் மீதியும் ஆட்டம் காணும். ஒரே பாடத்தைப் பல இடங்களில் பல ஆட்கள் சொல்லிக்கொடுத்த பிறகுதான் அது எங்கும் செல்லுபடியாகும். விடுதியில் உங்கள் காலிங் பெல் இல்லை, உங்கள் சோபா இல்லை, பேரன்போடு எதையும் மன்னிக்கிற உங்கள் பாட்டி இல்லை.

நான் பார்த்த நாய் ஒரு மாதம் தங்கிவிட்டு வந்தது. வாசலிலேயே செய்து காட்டினார்கள். சும்மா சொல்லக் கூடாது, அசந்துபோனோம். கதவு திறந்திருக்கிறது, நாய் சிலை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. மூன்று வாரம் கழித்துப் போனபோது அதே கதவில் என் மேல் தாவியது. அந்த ட்ரெய்னர் ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. அவர் சொல்லிக்கொடுத்தது நாய்க்கு நினைவிருந்திருக்கும். இந்த வீட்டில் தாவினால் யாராவது தலையைத் தடவுகிறார்கள் என்பதையும் அது புதிதாகக் கற்றுக்கொண்டது, அவ்வளவுதான்.

குட்டிகளை அனுப்புவதில் இன்னொரு கவலை உண்டு. பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காம் வாரம் வரை நாய்க்குட்டியின் மனம் திறந்திருக்கும் காலம். ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965ல் வெளியிட்ட முடிவுகள் இன்றைக்கும் இதற்கு அடித்தளம். அந்த வாரங்களில் எதைப் பார்த்து, எதைக் கேட்டு, யார் கைப்பட்டு வளர்கிறதோ, அதுதான் அதற்குச் சாதாரண உலகம். அந்தக் காலத்தை முன்பின் தெரியாத ஒரு கூண்டில் கழிக்க விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதைவிடப் பெரிய சங்கடம், அங்கே என்ன நடக்கிறது என்பதை நாம் பார்க்கவே முடியாது.

வளர்ந்த, பலமான நாய் கயிற்றில் ஆளையே இழுத்துக்கொண்டு ஓடுகிறது, வீட்டில் யாராலும் பிடிக்க முடியவில்லை என்றால் விடுதியை யோசிக்கலாம். அப்போதும் கடைசி வாரத்தில் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்கும் வகுப்புகள் உண்டா, நினைத்த நேரத்தில் போய்ப் பார்க்க விடுவார்களா என்று கேட்டுவிட்டுத்தான் விட வேண்டும்.

அடியாத மாடு படியாதா?

"பார்க்கவே முடியாது" என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. யார் பழக்குகிறார்கள் என்பதைவிட எப்படிப் பழக்குகிறார்கள் என்பது முக்கியமான கேள்வி. நான்கு வழிகளையும் குறுக்கே வெட்டிக்கொண்டு போவது இதுதான்.

தண்டித்துப் பழக்கும் முறைக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. ஜெர்மனியில் போலீஸ் நாய்களைப் பழக்கிய கொன்ராட் மோஸ்ட் 1910ல் எழுதிய கையேடு, கட்டாயப்படுத்தும் பயிற்சியை ஒழுங்கான முறையாக வகுத்தது. ராணுவத்திலும் போலீசிலும் பழகிய அந்தக் கை மெல்ல வீட்டு நாய்களின் கழுத்துக்கும் வந்து சேர்ந்தது. அப்புறம் வந்தது "தலைவன்" கதை. 1947ல் ருடால்ஃப் ஷென்கெல் கூண்டில் அடைத்த ஓநாய்களைக் கவனித்து, அவற்றுக்குள் பதவிப் போட்டி நடப்பதாக எழுதினார். ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970ல் எழுதிய புத்தகம் அந்தக் கருத்தைப் பரப்பியது. பிறகு அதே மெக், காட்டில் சுதந்திரமாகத் திரியும் ஓநாய்களை ஆண்டுக்கணக்கில் பார்த்துவிட்டு, ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான், அங்கே சண்டை போட்டுப் பதவிக்கு வந்த "ஆல்ஃபா" என்று யாரும் இல்லை என்று 1999ல் எழுதினார். எழுதியவரே திருத்திக்கொண்டார். ஆனாலும் "நீதான் தலைவன்னு அதுக்குக் காட்டணும்" என்று சொல்லி நாயைத் தரையில் புரட்டி அமுக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அதனால் என்ன ஆகிறது? அமெரிக்காவில் நடத்தைப் பிரச்சினைக்காக அழைத்துவரப்பட்ட 140 நாய்களின் உரிமையாளர்களிடம் கேட்டு 2009ல் ஓர் ஆய்வு வந்தது. நாயை அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 சதவீதம் பேரிடம் நாய் பதிலுக்குச் சீறவோ கடிக்கவோ முயன்றிருக்கிறது. புரட்டி அமுக்கியவர்களில் 31 சதவீதம். போர்ச்சுகலில் 92 வீட்டு நாய்களை வைத்து 2020ல் வெளியான ஆய்வில், தண்டனை கலந்த பள்ளிகளில் படித்த நாய்களிடம் பதற்றத்தின் அறிகுறிகள் அதிகம் தெரிந்தன, எச்சிலில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவும் கூடியிருந்தது. மின்னதிர்ச்சி காலருக்கும் பரிசு முறைக்கும் இடையே பிரிட்டனில் 63 நாய்களை வைத்து ஒப்பிட்டதில், காலரால் கூடுதல் பலன் எதுவும் கிடைக்கவில்லை. வேல்ஸ் அந்தக் காலரை 2010லேயே தடை செய்துவிட்டது. அமெரிக்காவின் விலங்கு நடத்தை சார்ந்த கால்நடை மருத்துவர்கள் சங்கம், நடத்தைச் சிக்கல் உள்ள நாய்கள் உட்பட எல்லா நாய்களுக்கும் பரிசு முறைதான் ஏற்றது என்று 2021ல் அறிவித்தது.

தண்டனை பலிக்காது என்று நான் சொல்ல வரவில்லை. அந்த நேரத்துக்குப் பலிக்கும், அதுதான் அதன் கவர்ச்சி. ஆனால் தவறு நடந்த நொடியிலேயே, ஒவ்வொரு முறையும், மிகச் சரியான அளவில் விழ வேண்டும். நம்மில் யாருக்கும் அந்த நிதானம் கிடையாது. உறுமினதற்கு அடி வாங்கிய நாய் உறுமுவதை நிறுத்திவிடும். பயமோ எரிச்சலோ அப்படியே இருக்கும், எச்சரிக்கை மட்டும் போய்விடும். பிறகு ஒருநாள் "சும்மா இருந்த நாய் திடீரென்று கடித்துவிட்டது" என்போம்.

வேலை முடிந்து வந்து கிழிந்த தலையணையைக் காட்டித் திட்டுவது இதைவிட வீண். "தப்பு பண்ணினது அதுக்கே தெரியுது, மூஞ்சியைப் பாரு" என்று நானும் சொன்னவன்தான். நாய்களின் அறிவை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009ல் 14 நாய்களை வைத்துச் செய்த சோதனை அந்த நம்பிக்கையைக் கலைத்தது. நாய் தின்பண்டத்தைத் திருடியதா இல்லையா என்பதற்கும் அந்தக் குற்றவாளி முகத்துக்கும் தொடர்பில்லை. உரிமையாளர் திட்டினால் அந்த முகம் வருகிறது. திருடாத நாய்க்கும் வருகிறது. அது பார்ப்பது நம் கோபத்தை.

பரிசு முறை மேல் வைக்கப்படும் புகார் ஒன்றுதான்: "கையில் பிஸ்கட் இல்லாவிட்டால் மதிக்காது." பிஸ்கட்டை முன்னால் காட்டிவிட்டு "உட்கார்" என்று சொன்னால் அப்படித்தான் ஆகும், அது லஞ்சம். உட்கார்ந்த பிறகு பையிலிருந்து எடுத்துக் கொடுத்தால் கூலி. பழக்கம் ஊன்றியதும் சில தடவைக்கு ஒரு தடவை என்று குறைத்துக்கொண்டே போகலாம். எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்கு நாய் இன்னும் உறுதியாக உழைக்கும். டால்பின்களைப் பழக்கிய கேரன் பிரையர் நாய் வளர்ப்பவர்களிடையே பரப்பிய க்ளிக்கர் என்ற சின்னக் கருவியும் இதே கணக்குதான். சரியாகச் செய்த நொடியில் "டிக்" என்று ஒரு சத்தம், பின்னால் தீனி. தண்ணீருக்குள் இருக்கும் டால்பினை யாரும் கயிறு போட்டு இழுக்க முடியாது. அதனால்தான் அந்த ட்ரெய்னர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள் போலும்.

மிச்சமுள்ள மூன்று

குழு வகுப்பு கட்டணம் குறைவு. குட்டிகளுக்கு நல்லது, ஏனென்றால் மற்ற நாய்களையும் புது மனிதர்களையும் பார்க்கிறது. எல்லாத் தடுப்பூசியும் முடியட்டும் என்று காத்திருந்தால் அந்தப் பதினான்கு வாரம் ஓடிப்போகும். முதல் தவணை ஊசியும் பூச்சி மருந்தும் கொடுத்து ஒரு வாரமாவது ஆன குட்டியை ஏழெட்டு வார வயதிலேயே சுத்தமாகப் பராமரிக்கப்படும் வகுப்புக்கு அழைத்துப்போகலாம் என்பது மேலே சொன்ன சங்கம் 2008ல் சொன்ன பரிந்துரை. உங்கள் பகுதியில் எந்த நோய் பரவுகிறது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வகுப்பில் தீராதது வீட்டுக்குள் நடக்கிற கூத்து. அங்கே மிதியடி கிடையாது, நனைவதற்கு. பயந்த சுபாவமுள்ள நாய்க்கு வகுப்பே தண்டனையாகிவிடும், அதற்கு இந்த வழி வேண்டாம்.

வீட்டுக்கு வரும் ட்ரெய்னரில் இரண்டு வகை. முதல் வகை, வந்தவுடன் நாயை அழைத்துக்கொண்டு வெளியே போவார். ஒரு மணி நேரம் கழித்துத் திருப்பித் தருவார், நாம் உள்ளே நம் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்போம். இது தவணை முறையில் விடுதி. எங்கள் முதல் நாய்க்கு இரண்டு மாதம் இப்படி ஓடியது. அவர் வந்தால் நாய் பரம சாது, அவர் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பியதும் பழைய கதை.

இரண்டாம் வகையினர் நாயைத் தொடக்கூட மாட்டார்கள். இரண்டாவது நாய்க்கு வந்தவர் அப்படிப்பட்டவர். ஜன்னலில் நின்று போகிற வருகிறவர்களைப் பார்த்து நாள் முழுக்கக் குரைக்கிறது என்பதுதான் எங்கள் புகார். அவர் சோபாவைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். "இதை அந்தப் பக்கம் நகர்த்துங்க" என்றார். நாய் சோபா மேல் ஏறித்தான் ஜன்னலை எட்டிக்கொண்டிருந்தது. குரைப்பில் பாதி அன்றே நின்றது. கயிற்றை என் கையில் கொடுத்து, காலிங் பெல்லை மகனை விட்டு அடிக்கச் சொல்லி, நான் எந்த நொடியில் தின்பண்டம் கொடுக்கிறேன் என்பதைத்தான் அவர் கவனித்தார். மூன்று வருகைகளில் முடிந்துவிட்டது. வீட்டுப் பழக்கங்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை நான் பார்க்கவில்லை. எத்தனை வகுப்பு என்று பார்த்தால் குறைவு, ஒரு வகுப்புக்கான கட்டணத்தைக் கணக்கிட்டால் கூடுதல்.

ட்ரெய்னர் என்று சொல்லிக்கொள்ளப் பல நாடுகளில் உரிமம் எதுவும் தேவையில்லை. ஆகவே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நாய் சரியாகச் செய்தால் என்ன செய்வீர்கள்? தவறாகச் செய்தால்? இந்த இரண்டு கேள்விக்கும் நேரடியான பதில் வர வேண்டும். "சின்னதா ஒரு கரெக்‌ஷன்" என்று மழுப்பினால், என்ன கருவி, கழுத்தில் என்ன மாட்டுவீர்கள் என்று அடுத்துக் கேளுங்கள். எந்த நாயானாலும் இத்தனை நாளில் திருத்தித் தருகிறேன் என்று உத்தரவாதம் கொடுப்பவரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

நாமே பழக்குவது பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் கடைசியில் வந்து நிற்பது இங்கேதான். நாயோடு இருபத்துநான்கு மணி நேரமும் இருப்பது நாம். தீனி வைக்கிற ஒவ்வொரு வேளையும், கதவு திறக்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு பாடம், நாம் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும்.

சிறுநீர் விஷயத்தில் ட்ரெய்னருக்குப் பெரிய வேலையே இல்லை, கடிகாரத்துக்குத்தான் வேலை. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வெளியே கூட்டிப்போக வேண்டும். மாதக் கணக்கில் அதன் வயது எத்தனையோ அதோடு ஒன்றைக் கூட்டினால், பகலில் அது அடக்கிக்கொள்ளக்கூடிய அதிகபட்ச மணி நேரம் தோராயமாக வரும். மூன்று மாதக் குட்டிக்கு நான்கு மணி நேரம். அது உச்சவரம்பு, தினசரி இலக்கு ஆக்கிவிடாதீர்கள். வெளியே போன இடத்திலேயே, முடித்த கையோடு பரிசு. உள்ளே நனைத்த இடத்தை அம்மோனியா கலந்த திரவத்தால் துடைத்தால் அதன் மூக்குக்கு அது கழிப்பறை முகவரி மாதிரி. என்சைம் கலந்த கிளீனர்தான் அந்த வாடையை எடுக்கும்.

தாவுவதற்கு மருந்து, தாவும்போது யாரும் தொடாமல், பேசாமல், திரும்பி நிற்பது. நான்கு காலும் தரையில் பட்டவுடன் கொஞ்சுவது. கேட்க எளிது. ஆனால் இதுவரை பலித்தது பலிக்காமல் போனால் நாய் முதலில் இன்னும் வேகமாகத் தாவும். அந்த நாலைந்து நாளில்தான் பெரும்பாலானோர் "இது வேலைக்காகாது" என்று கைவிடுவார்கள். அதாவது, இன்னும் வேகமாகத் தாவினால் பலிக்கும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு நிறுத்துவார்கள்.

நேரம் இல்லை என்ற சாக்கும் செல்லாது. டென்மார்க்கில் 44 பீகிள் நாய்களை வைத்துச் செய்து 2011ல் வெளியான ஆய்வில், தினமும் பழகியவற்றைவிட வாரம் ஓரிரு முறை பழகியவை குறைந்த வகுப்புகளில் பாடத்தைக் கற்றன. நீண்ட வகுப்பைவிடக் குட்டி வகுப்பே மேல் என்றும் தெரிந்தது. ஐந்து நிமிடம் போதும்.

எட்டு மாத வாக்கில் எல்லாம் பாழானது போலத் தோன்றும், அதற்குத் தயாராக இருங்கள். பார்வையற்றோருக்கான வழிகாட்டி நாய்க் குட்டிகளை வைத்து 2020ல் பிரிட்டனில் ஆய்வு செய்தவர்கள், அந்த வயதில் நாய் தன்னை வளர்ப்பவர் சொன்னால் கேட்பது குறைகிறது, அந்நியர் சொன்னால் கேட்கிறது என்று கண்டார்கள். மனிதப் பிள்ளைகளை வளர்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. விடுதிக்கு அனுப்பிவிடலாம் என்ற பேச்சு மறுபடி எழுவதும் இந்த வயதில்தான். அங்கே அந்நியர் சொன்னதைக் கேட்டு நல்ல பெயர் வாங்கிவரும், வீட்டுக்கு வந்தால் மறுபடி நாம்தான் வளர்ப்பவர்.

சரி, யாருக்கு எது? புதுக் குட்டிக்கு நாமே பழக்குவது, கூடவே சில வாரம் குழு வகுப்பு. ஒரே பிரச்சினையில் ஒரு மாதமாக முட்டிக்கொண்டிருந்தால் அதற்கு மட்டும் இரண்டாம் வகை ட்ரெய்னர், இரண்டு மூன்று தடவை. தத்தெடுத்த வளர்ந்த நாய்க்கு முதல் சில வாரங்கள் எந்தப் பயிற்சியும் வேண்டாம், வீடு பழகட்டும். பல் பட்டுக் காயமாகும் கடி, தீனி அருகே உறுமல், தனியாக விட்டால் கதவைப் பிறாண்டி நகம் கிழியும் அளவுக்குப் பீதி, இவற்றுக்கு இந்த நான்கும் உதவாது. முதலில் கால்நடை மருத்துவர், பிறகு அவர் கைகாட்டும் நடத்தை நிபுணர். ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக இருந்த நாய் திடீரென்று வீட்டுக்குள் நனைத்தால் அதுவும் மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம். சிறுநீர்ப் பாதையில் தொற்று இருக்கலாம், சர்க்கரை நோய்கூட இருக்கலாம்.

எதற்கும் செலவழிப்பதற்கு முன் வீட்டார் எல்லோரும் உட்கார்ந்து, எந்தச் செயலுக்கு எந்தச் சொல் என்று ஒரு தாளில் எழுதிவிடுங்கள். எங்கள் வீட்டில் சோபாவிலிருந்து இறங்கச் சொல்ல நான் "கீழே" என்பேன், மனைவி "இறங்கு" என்பாள், மகன் "டவுன்" என்பான். படுக்கச் சொல்வதற்கும் அவனுக்கு அதே "டவுன்"தான், அதனால் நாய் சோபாவிலேயே படுத்துவிடும். இப்போது ஃப்ரிட்ஜில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது, "இறங்கு" என்று. மூன்று பேருக்கும் இறங்குகிறது. என் அம்மா மட்டும் இன்றைக்கும் "எந்திரிடா கண்ணு" என்றுதான் சொல்கிறார். அது வாலை ஆட்டிவிட்டுப் புரண்டு படுத்து வயிற்றைக் காட்டுகிறது. அவரும் சொறிந்துவிடுகிறார்.